சாவிக்கொத்து இடம் மாறும்போது

2025ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் ஆதென்டிகேட்டர் செயலியில் கடவுச்சொற்களைச் சேமித்து வைத்திருந்தவர்களுக்கு மூன்று தவணையில் கதவை மூடியது. ஜூனில் புதிய கடவுச்சொல் எதையும் அதில் சேர்க்க முடியாமல் போனது. ஜூலையில், தளங்களுக்குள் நுழையும்போது தானாக நிரப்பித் தருவது நின்றது. ஆகஸ்டில் உள்ளே இருந்த சொற்களைப் பார்ப்பதற்கே வழியில்லை. எட்ஜ் உலாவிக்கு வந்துவிடுங்கள், இல்லையென்றால் எடுத்துக்கொண்டு வேறு இடம் பாருங்கள் என்றது அறிவிப்பு. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதம் போலத்தான் அது இருந்தது.

இப்படி நடப்பது புதிதல்ல. 2021 மார்ச்சில், கடவுச்சொற்களைப் பெட்டகம்போல் பூட்டிவைக்கும் லாஸ்ட்பாஸ் தன் இலவசச் சேவையை இரண்டாகப் பிளந்து, கணினி அல்லது கைப்பேசி, ஏதாவது ஒருவகைக் கருவியில் மட்டும்தான் என்று சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் மோசில்லா தன் லாக்வைஸ் செயலியைக் கைவிட்டது. ஒன்பாஸ்வேர்டு எட்டாம் பதிப்புக்கு வந்தபோது, பெட்டகக் கோப்பைப் பயனர் தம் கணினியிலேயே வைத்துக்கொள்ளும் பழைய வசதியை எடுத்துவிட்டுச் சந்தாவுக்கு மாறச் சொன்னது. 2022 டிசம்பரில் லாஸ்ட்பாஸின் பெட்டகங்களே களவு போன செய்தி வந்தது. ஒரு கடவுச்சொல் பெட்டகத்தை இன்று தேர்ந்தெடுப்பவர் வாழ்நாளில் இரண்டு மூன்று முறையாவது வேறொன்றுக்குக் குடிபெயர வேண்டியிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதனால் “எந்தப் பாஸ்வேர்டு மேனேஜர் நல்லது?” என்று நண்பர்கள் கேட்கும்போது இரண்டு கேள்விகளைத் திருப்பிக் கேட்கிறேன். அதை விட்டு வெளியே வர எவ்வளவு நேரமாகும்? சாவி தொலைந்தால் யார் திறப்பார்கள்? விளம்பரங்களில் இந்த இரண்டும் இருப்பதில்லை. தேர்வும் மாற்றமும் இந்த இரண்டின் மேல்தான் நிற்கின்றன.

மனித நினைவு தோற்ற கதை

கணினிக்குக் கடவுச்சொல் வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1961இல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு, பலர் ஒரே கணினியை நேரம் பங்கிட்டுப் பயன்படுத்தும் சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பைக் கட்டியது. ஒருவர் கோப்பில் இன்னொருவர் கை வைக்காமலிருக்க ஆளுக்கொரு சொல். அடுத்த ஆண்டே ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தனக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாமல், கடவுச்சொற்கள் இருந்த கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். முதல் பூட்டும் முதல் திருட்டும் ஓராண்டு இடைவெளியில் நடந்துவிட்டன.

1979இல் ராபர்ட் மாரிஸும் கென் தாம்ப்சனும் யூனிக்ஸ் பயனர்களின் 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்தார்கள். அவற்றில் 86 சதவீதம் மிகக் குட்டையானவை, அல்லது அகராதியில் இருப்பவை. முப்பது ஆண்டுகள் கழித்து, 2009இல், ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் மறையாக்கம்கூட இல்லாமல் வெளியே வந்தன. அதில் மிக அதிகமானோர் வைத்திருந்தது 123456. மக்கள் சோம்பேறிகள் என்று இதைப் படிப்பது அநியாயம். மனித மூளைக்கு ஒவ்வாத வேலையை மூளையிடம் கொடுத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

வீட்டில் ஒருவருக்கு இன்று எத்தனை கணக்குகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு வங்கி, வருமான வரி, வருங்கால வைப்பு நிதி, ரயில் முன்பதிவு, மின்வாரியம், சமையல் எரிவாயு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், மூன்று நான்கு மின்னஞ்சல், கடைகள், சினிமா டிக்கெட். நான் பெட்டகம் மாறிய நாளில் என் பட்டியலில் இருந்தவை 212. அத்தனைக்கும் தனித்தனிச் சொல்லை யாரும் மனப்பாடம் செய்ய முடியாது. ஆகவே ஒன்றையே எல்லாவற்றுக்கும் வைக்கிறோம். ஆபத்து அங்கேதான் பிறக்கிறது. 2012இல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து கடவுச்சொற்கள் திருடு போயின. அங்கே வைத்திருந்த அதே சொல்லை அலுவலகத்திலும் வைத்திருந்த டிராப்பாக்ஸ் ஊழியர் ஒருவரின் கணக்கு வழியாக டிராப்பாக்ஸுக்குள் திருடர்கள் நுழைந்தார்கள். அங்கிருந்து போனவை ஏறத்தாழ 6 கோடியே 80 லட்சம் கணக்குகளின் விவரங்கள்.

அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட், பில் பர் எழுதிய 2003ஆம் ஆண்டுக் குறிப்பில், பெரிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் கலந்த கடவுச்சொல்லைப் பரிந்துரைத்தது. உலகமே அதைப் பின்பற்றியது. எல்லாரும் சொல்லின் கடைசியில் ஓர் ஆச்சரியக்குறியையும் 1ஐயும் ஒட்டிக்கொண்டார்கள். 2017இல் நிஸ்ட் அந்த விதியைத் திரும்பப் பெற்றது. காரணமின்றி அடிக்கடி மாற்றச் சொல்லாதீர்கள், கலவையைக் கட்டாயமாக்காதீர்கள், நீளத்தை அனுமதியுங்கள், ஒட்டுவதைத் தடுக்காதீர்கள் என்றது. தன் பழைய பரிந்துரைக்காகப் பில் பர் அந்த ஆண்டே வெளிப்படையாக வருந்தினார். நம் ஊர் வங்கித் தளங்கள் சிலவற்றுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. கடவுச்சொல்லை ஒட்டவிடாமல் தடுப்பதைப் பாதுகாப்பு என்று அவை நினைக்கின்றன. ஒட்டமுடியாத இடத்தில் வாடிக்கையாளர் தட்டச்சு செய்ய வசதியான குட்டைச் சொல்லைத்தான் வைப்பார்.

பெட்டகம் செய்யும் இரண்டு வேலைகள்

சேமிப்பது ஒரு வேலை. நீங்கள் நினைவில் வைப்பது ஒரே ஒரு முதன்மைக் கடவுச்சொல். அதிலிருந்து, வேண்டுமென்றே மெதுவாக்கப்பட்ட ஒரு கணக்கீட்டால், மறையாக்கச் சாவி உருவாகிறது. அந்தச் சாவியால் பூட்டிய பெட்டகம்தான் நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. ஒழுங்காகக் கட்டிய அமைப்பில் நிறுவனத்தாரால் அதைத் திறந்து படிக்க முடியாது. கணக்கீடு ஏன் மெதுவாக இருக்க வேண்டும்? உங்களுக்கு அரை நொடி தாமதம் பெரிதல்ல. கோடிக்கணக்கான சொற்களைப் போட்டுப் பார்க்கும் திருடனுக்கு அந்த அரை நொடி மலைபோலக் குவியும்.

இரண்டாவது வேலையைப் பலர் கவனிப்பதில்லை. அதுதான் பெரிது என்பேன். பெட்டகம் தளத்தின் முகவரியை எழுத்துக்கு எழுத்து பார்க்கிறது. வங்கியின் தளம் போலவே நிறமும் முத்திரையும் வைத்து ஒரு போலித்தளம் வந்தால் நம் கண் ஏமாறும். பெட்டகம் ஏமாறாது, சொல்லை நிரப்பாமல் சும்மா இருக்கும். அந்த மௌனமே எச்சரிக்கை. குறுஞ்செய்தியில் வரும் “கேஒய்சி காலாவதி” இணைப்பை அவசரத்தில் தொட்டுவிடும் பெரியவர்களுக்கு இதைவிடப் பெரிய காவல் இல்லை.

ஆனால் அந்த மௌனத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம். வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31க்குள் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. போலிகளைத் தடுக்க எடுத்த நல்ல முடிவு. ஆனால் முகவரி மாறியதும், பழைய முகவரியோடு சேமித்த சொற்களை என் பெட்டகம் நிரப்ப மறுத்தது. அது சரியாகத்தான் நடந்துகொண்டது. இப்படி நேரும்போது அவசரப்பட்டுச் சொல்லை நகலெடுத்து ஒட்டிவிடக் கூடாது. வங்கியின் புதிய முகவரியைப் பாஸ்புக்கிலோ கிளையிலோ உறுதி செய்துகொண்டு, பெட்டகத்தில் உள்ள பதிவைத் திருத்த வேண்டும். ஐந்து நிமிட வேலை.

லாஸ்ட்பாஸ் கற்றுத் தந்தது

இந்தத் துறையில் ஒரே ஒரு நிகழ்வைத்தான் ஆழமாகப் படிக்க முடியும் என்றால் லாஸ்ட்பாஸ் களவைத்தான் படிக்க வேண்டும். 2022 ஆகஸ்டில் அதன் மென்பொருள் எழுதுவோரின் பகுதிக்குள் யாரோ நுழைந்தார்கள். வாடிக்கையாளர் தரவு போகவில்லை என்று நிறுவனம் அப்போது சொன்னது. அங்கே கிடைத்த தகவலை வைத்துக்கொண்டு, காப்புப்பிரதிகளைத் திறக்கும் சாவியை நிறுவனத்தில் வைத்திருந்த நான்கே பொறியாளர்களில் ஒருவரைத் திருடர்கள் குறிவைத்தார்கள். அவர் வீட்டுக் கணினியில் படம் பார்ப்பதற்கான ஒரு மென்பொருள் பழைய பதிப்பாக, ஓட்டை அடைக்கப்படாமல் இருந்தது. அதன் வழியே புகுந்து, தட்டச்சு செய்வதையெல்லாம் பதிவு செய்யும் நிரலை வைத்து, அவருடைய முதன்மைக் கடவுச்சொல்லையே எடுத்தார்கள். பிறகு வாடிக்கையாளர் பெட்டகங்களின் காப்புப்பிரதிகள் போயின. டிசம்பர் 22 அன்று நிறுவனம் அதை ஒப்புக்கொண்டது.

பூட்டிய பெட்டகம்தானே போனது என்று தோன்றும். இங்கே மூன்று விஷயங்கள் வெளிவந்தன. பெட்டகத்துக்குள் கடவுச்சொற்கள் மறையாக்கத்தில் இருந்தன, தள முகவரிகள் அப்படி இல்லை. யாருக்கு எந்த வங்கியில் கணக்கு, யார் கிரிப்டோ நாணயம் வைத்திருக்கிறார் என்பது திறக்காமலே தெரிந்தது. அடுத்தது, நான் மேலே சொன்ன மெதுவாக்கும் கணக்கீடு. 2018க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அது 1,00,100 சுற்று. பழைய வாடிக்கையாளர்கள் பலருக்கு 5,000, சிலருக்கு 500, இன்னும் சிலருக்கு வெறும் 1. நீண்ட காலமாக நம்பி இருந்தவர்களின் பூட்டுதான் மெலிந்ததாக இருந்தது. அவர்கள் யாரும் அமைப்புக்குள் போய் அந்த எண்ணைப் பார்த்திருக்கவில்லை, பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை. மூன்றாவது, பெட்டகம் திருடனின் கையில் இருக்கும்போது ‘மூன்று முறை தவறினால் பூட்டு’ என்ற விதி கிடையாது. அவன் வீட்டில், அவன் கணினியில், ஆண்டுக்கணக்கில் முயலலாம். இன்று முதன்மைச் சொல்லை மாற்றினாலும் அன்று போன பிரதியின் பூட்டு பழையதுதான்.

பாடம் என்னவென்றால், நிறுவனம் திருடு போகும் என்று வைத்துக்கொண்டே பெட்டகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்பாஸ்வேர்டு இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. முதன்மைச் சொல்லோடு, உங்கள் கருவிகளில் மட்டும் இருக்கும் ஒரு நீண்ட ரகசியச் சாவியையும் சேர்த்தே பெட்டகத்தைப் பூட்டுகிறது. சர்வர் களவு போனாலும் மெலிந்த முதன்மைச் சொல் மட்டும் வைத்துத் திறக்க முடியாது. ஆனால் அந்தச் சாவித் தாளைத் தொலைத்துவிட்டு, எல்லாக் கருவிகளும் ஒரே சமயத்தில் போய்விட்டால் உங்களாலும் முடியாது. பிட்வார்டன் வேறு வழியில் போகிறது. நிரல் முழுதும் திறந்தநிலை, யாரும் படிக்கலாம். மெதுவாக்கும் சுற்றுகளை அதுவும் 2023இல்தான் 6,00,000ஆக உயர்த்தியது. ஆர்கான்2 என்ற, கூடுதல் நினைவகம் கேட்டுத் திருடனின் செலவை ஏற்றும் முறையையும் அதே ஆண்டு சேர்த்தது. பழைய கணக்கு வைத்திருப்பவர்கள் எந்தச் சேவையானாலும் இன்றே அமைப்புக்குள் போய் அந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

யாருக்கு எது

உலாவியோடும் கைப்பேசியோடும் இலவசமாக வருபவை முதல் வகை. ஆப்பிளின் கீசெயின் 2013 முதல் ஐக்ளவுடில் இருக்கிறது, 2024இல் ‘பாஸ்வேர்ட்ஸ்’ என்று தனிச் செயலியாகவும் வந்தது. ஐபோனும் மேக்கும் மட்டும் உள்ள வீட்டுக்கு அது போதும், வேறெங்கும் தேட வேண்டாம் என்றே சொல்வேன். விண்டோஸிலும் ஓரளவு வேலை செய்யும். ஆண்ட்ராய்டில் இல்லை. நம் வீடுகளில் பெரும்பாலும் அப்பாவிடம் ஆண்ட்ராய்டு, அலுவலகம் தந்த விண்டோஸ் லேப்டாப், வெளியூரில் படிக்கும் பிள்ளையிடம் ஐபோன் என்று கலந்துதான் இருக்கிறது. கூகுளின் பெட்டகம் எல்லாக் கருவியிலும் வரும், குரோம் இருந்தால் போதும். ஆனால் சாவியை உங்கள் கருவியிலேயே வைக்கும் அமைப்பை நீங்கள் தேர்ந்தெடுக்காதவரை அது கூகுளிடமும் இருக்கிறது. ரெட்லைன், லும்மா போன்ற தகவல் திருடும் நிரல்கள் கணினிக்குள் வந்ததும் முதலில் கை வைப்பது உலாவியில் சேமித்த கடவுச்சொற்களில்தான். திருட்டு மென்பொருளைப் பதிவிறக்கும் பழக்கமுள்ள பிள்ளைகளும் அதே கணினியைப் பயன்படுத்தும் வீட்டில் இதை யோசிக்க வேண்டும்.

இரண்டாம் வகை, தனி நிறுவனத்தின் பெட்டகங்கள். பிட்வார்டன் 2016இல் வந்தது. கருவிக்கோ சொற்களின் எண்ணிக்கைக்கோ வரம்பில்லாமல் இலவசம். ஒன்பாஸ்வேர்டு 2006 முதல் இருக்கிறது. சந்தா உண்டு, குடும்பப் பங்கீடு மிகச் சீராக இருக்கும்.

மூன்றாம் வகை கோப்பு. டொமினிக் ரைக்கல் 2003இல் வெளியிட்ட கீபாஸும் அதன் வழியில் வந்த கீபாஸ்எக்ஸ்சியும் பெட்டகத்தை ஒரே கோப்பாக உங்கள் கையில் தருகின்றன. நிறுவனம் இல்லை, சந்தா இல்லை, காலி செய்யச் சொல்ல யாருமில்லை. என் முதல் கேள்விக்கு இதைவிடச் சிறந்த பதில் கிடையாது. அந்தக் கோப்பின் வடிவம் எல்லாரும் அறிந்தது, பல செயலிகள் அதைத் திறக்கும். ஆனால் கருவிகளுக்கிடையே கோப்பை ஒத்திசைப்பது உங்கள் பொறுப்பு. லேப்டாப்பில் ஒரு சொல்லை மாற்றி, அது கிளவுடில் ஏறுமுன் கைப்பேசியில் இன்னொன்றை மாற்றினால் இரண்டு பிரதிகள் முட்டிக்கொள்ளும். செய்து பார்க்கும் ஆர்வமுள்ள தனியாளுக்கு இது நல்லது. அம்மாவின் கைப்பேசியில் வைக்க நான் துணியமாட்டேன்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியை. நீல அட்டை போட்ட ஒரு நோட்டில் எல்லாக் கடவுச்சொற்களையும் எழுதி வைத்திருப்பார், பக்கத்துக்குப் பக்கம் தேதியோடு. கணினிப் பாதுகாப்பு வல்லுநர்கள் இதைக் கேட்டால் பதறுவார்கள் என்று நினைத்திருந்தேன். புரூஸ் ஷ்னையர், 1997இல் பாஸ்வேர்டு சேஃப் என்ற முன்னோடிப் பெட்டகத்தை உருவாக்கியவர், 2005இலேயே கடவுச்சொல்லைத் தாளில் எழுதிப் பர்ஸில் வையுங்கள் என்றார். தாளைப் பாதுகாக்க நமக்குத் தெரியும் என்பது அவர் வாதம். அம்மாவின் நோட்டை எட்டிப் பார்க்க எந்த நாட்டுத் திருடனாலும் முடியாது. அதன் குறை வேறு. கையால் எழுதி, கையால் தட்டச்சு செய்ய வேண்டியிருப்பதால் சொற்கள் எல்லாம் ஒரே அச்சில் இருந்தன, பேரன் பெயரும் பிறந்த ஆண்டும். நோட்டு போலித்தளத்தையும் கண்டுபிடிக்காது.

குடிபெயரும் நாள்

ஏறக்குறைய எல்லாப் பெட்டகங்களும் வெளியேற ஒரு வழி வைத்திருக்கின்றன. அதன் பெயர் சிஎஸ்வி. வரிசை வரிசையாக, காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு. உங்கள் வாழ்க்கையின் அத்தனை சாவிகளும் எந்தப் பூட்டும் இல்லாமல் அதில் கிடக்கும். என் தவறு இங்கேதான் நடந்தது. பழைய பெட்டகத்திலிருந்து கோப்பை இறக்கினேன், புதியதில் ஏற்றினேன், மகிழ்ச்சியாக மூடிவிட்டேன். மூன்று வாரம் கழித்து வேறெதையோ தேடும்போது டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அந்தக் கோப்பு இருந்தது. அந்த ஃபோல்டர் தானாகக் கிளவுடுக்குப் போகும்படி நானே ஒருநாள் அமைத்திருந்தேன். 212 கணக்குகளின் சொற்களும் வெறும் எழுத்தாக, ஒரு சர்வரில், மூன்று வாரம். அன்று இரவு உட்கார்ந்து மின்னஞ்சல், வங்கி, வரி என்று முக்கியமானவற்றை ஒவ்வொன்றாக மாற்றினேன். விடிந்துவிட்டது.

அதனால் இப்போது மாறுபவர்களுக்கு நான் சொல்வது: முதலில் ஒத்திசைவை நிறுத்துங்கள். இறக்கிய உடனே ஏற்றுங்கள். குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள், கிளவுடின் குப்பைத்தொட்டி உட்பட. பழைய பெட்டகத்தை ஒரு மாதம் வைத்திருங்கள், ஆனால் அதன் தானியங்கி நிரப்பலை எல்லா உலாவியிலும் கைப்பேசியிலும் அணைத்துவிடுங்கள். இதை மறந்தால் பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் மேலே வந்து, புதிதாக மாற்றிய சொல் எதில் சேர்ந்தது என்று தெரியாமல் போகும். மாற்றத்தில் பெரும்பாலானோர் சலித்துக் கைவிடுவது இந்தக் குழப்பத்தால்தான். ஒரு மாதத்தில் எதுவும் விடுபடவில்லை என்று தெரிந்தபின் பழைய கணக்கை முழுதாக நீக்குங்கள். செயலியைக் கைப்பேசியிலிருந்து அழித்தால் கணக்கு போய்விடாது.

சிஎஸ்வியில் எல்லாம் வராது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். இணைத்து வைத்த பான் அட்டைப் படம், பாஸ்போர்ட் நகல் போன்றவை வராது. பழைய கடவுச்சொற்களின் வரலாறு வராது. பிட்வார்டனின் சிஎஸ்வியில் கார்டு விவரங்களும் வராது, அதற்கு அதன் வேறொரு கோப்பு வடிவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இவற்றைக் கையால்தான் மாற்ற முடியும் என்றால், மாற்ற உட்காரும் நாளைக் கொஞ்சம் நீளமாகவே திட்டமிடுங்கள்.

பாஸ்கீ என்பது இன்னும் சிக்கலானது. 2022 மே மாதம் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து அறிவித்தபின் பரவிவரும் இந்த முறையில் கடவுச்சொல்லே கிடையாது. தளத்துக்கு ஒரு சாவி, உங்கள் கருவிக்கு ஒரு சாவி, கைரேகை வைத்தால் திறக்கும். போலித்தளத்தில் அது வேலை செய்யாது என்பதால் நான் அதை மனதார வரவேற்கிறேன். ஆனால் பெரும்பாலான பெட்டகங்களிலிருந்து அதை வெறும் எழுத்தாக இறக்கி எடுக்க முடியாது என்பதே அதன் வலிமையும் சிக்கலும். ஒரு நிறுவனத்தின் பெட்டகத்தில் சேர்த்த பாஸ்கீக்களை இன்னொன்றுக்கு எடுத்துப்போக நெடுநாள் பொதுவான வழி இல்லாமல் இருந்தது. ஃபைடோ கூட்டமைப்பு 2024 அக்டோபரில் இதற்கான பொது வடிவத்தின் வரைவை வெளியிட்டது. பெட்டகத்திலிருந்து பெட்டகத்துக்கு, நடுவில் திறந்த கோப்பு எதுவும் இல்லாமல், மறையாக்கத்தோடு போகும் முறை அது. ஆப்பிள் 2025இல் ஐஓஎஸ் 26 பதிப்பில் அதைக் கொண்டுவந்தது. எல்லாரும் இதை ஏற்கும்வரை, முக்கியமான தளங்களில் ஒரே பாஸ்கீயை நம்பாமல் இரண்டு இடங்களில் தனித்தனியே ஒவ்வொன்று வைத்திருப்பது நல்லது.

ஒரே ஒரு சொல்

இனி நினைவில் வைக்க வேண்டியது முதன்மைக் கடவுச்சொல் ஒன்றுதான் என்பதால் அதில் கஞ்சத்தனம் கூடாது. ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் 1995இல் சொன்ன டைஸ்வேர் முறை இன்றும் சிறந்தது. ஐந்து முறை பகடை உருட்டினால் 7,776 சொற்கள் உள்ள பட்டியலில் ஒரு சொல் கிடைக்கும். ஆறு சொற்கள் சேர்ந்தால் 22ஐத் தொடர்ந்து இருபத்திரண்டு சுழியம் போடும் அளவுக்குச் சாத்தியங்கள். பகடை கட்டாயம். நாமாக யோசித்தால் சினிமாப் பாட்டின் முதல் அடியோ குறளின் முதல் சீரோதான் வரும், அவற்றைத் திருடனும் யோசிப்பான்.

தமிழ் எழுத்திலேயே வைக்கலாமா என்று ஆசையோடு கேட்பவர்கள் உண்டு. நானும் ஆசைப்பட்டேன். ஒரு நுட்பமான சிக்கல் இருக்கிறது. ‘கொ’ என்ற எழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறி முழுவதும் ஒரே குறியீடாக வரலாம், அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக வரலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு. இரண்டையும் சமன்படுத்தாத மென்பொருளில், லேப்டாப்பின் விசைப்பலகையில் வைத்த சொல் கைப்பேசியின் விசைப்பலகையில் திறக்காமல் போகலாம். தமிழ் விசைப்பலகையே இல்லாத வேற்றுக் கணினியில் மாட்டிக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். ஆகவே தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதுவதே சரி. பகடையில் விழுந்த வாழை, உரல், திண்ணை போன்ற சொற்கள் நமக்கு மறக்காது.

கடைசியாக ஒரு பொறியைப் பற்றி எச்சரிக்க வேண்டும். புதிய கருவியில் நுழையும்போது பெட்டகம் உங்கள் மின்னஞ்சலுக்கு ஒரு குறியீடு அனுப்பும். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு வைக்காதவர்களுக்குப் பிட்வார்டன் 2025 முதல் இப்படிச் செய்கிறது. மின்னஞ்சலின் கடவுச்சொல்லோ பெட்டகத்துக்குள் இருக்கிறது. கைப்பேசி தொலைந்த நாளில் பெட்டகத்தைத் திறக்க மின்னஞ்சல் வேண்டும், மின்னஞ்சலைத் திறக்கப் பெட்டகம் வேண்டும். பேருந்து நிலையத்தில் போனைப் பறிகொடுத்தவர் ஒருவர் இந்த வளையத்துக்குள் ஒன்பது நாள் சிக்கியிருந்ததை அருகிலிருந்து பார்த்தேன். மின்னஞ்சலின் சொல், முதன்மைச் சொல், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பின் மீட்புக் குறியீடு, மூன்றும் தாளில் வீட்டில் இருக்க வேண்டும்.

அந்தத் தாள் நமக்குப் பிறகும் வேண்டும். ஆப்பிள் 2021 டிசம்பரில் கொண்டுவந்த வாரிசுத் தொடர்பு வசதியில் இறந்தவரின் படங்களும் குறிப்புகளும் குடும்பத்துக்குக் கிடைக்கும், கீசெயினில் உள்ள கடவுச்சொற்கள் கிடைக்காது. பிட்வார்டனின் கட்டணச் சேவையில் அவசர அணுகல் உண்டு. நீங்கள் குறிப்பிட்டவர் கேட்டு, நீங்கள் வைத்த காத்திருப்பு நாட்களுக்குள் நீங்கள் மறுக்காவிட்டால் பெட்டகம் அவருக்குத் திறக்கும். ஒன்பாஸ்வேர்டு அச்சிட்டு வைக்கத் தாளே தருகிறது.

எங்கள் வீட்டில் அந்தத் தாள் ஓர் உறைக்குள், பீரோ லாக்கரில், அம்மாவின் நீல நோட்டுக்கு அடியில் இருக்கிறது. போன மாதம் என் கைப்பேசியையும் லேப்டாப்பையும் அணைத்துவிட்டு, ஊரிலிருந்து வந்திருந்த தங்கையிடம் உறையைக் கொடுத்து, அவளுடைய லேப்டாப்பில் திறக்கச் சொன்னேன். மின்னஞ்சல் திறந்தது. பெட்டகம் திறக்கவில்லை. நான்கு முறை தட்டினாள். “அண்ணா, வாழைக்கு ‘ஏ’ ஒண்ணா ரெண்டா? உன் எழுத்து எனக்குப் புரியல” என்றாள். என் கையெழுத்தில் இரண்டு ஆங்கில ‘ஏ’க்கள் ஒன்றாக ஒட்டியிருந்தன. வேறு தாள் எடுத்து, கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஓர் எழுத்தாக மறுபடி எழுதினேன். அவள் அதைப் பார்த்துத் தட்டினாள், திறந்தது. பழைய தாளை அடுப்பில் போட்டோம்.